பிப்ரவரி மூன்றிலேயே நின்ற கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒன்றரை வருஷம் பிப்ரவரி மூன்றாம் தேதியாகவே இருந்தது. வெளியே மே மாதத்து வெயில் ஆளை வறுத்தெடுக்கும், டிசம்பரில் வாசலில் ஸ்டார் கட்டியிருப்போம், பள்ளிக்கூடம் திறந்து பரீட்சையும் முடிந்திருக்கும். உள்ளே மானிட்டரின் மூலையில் மணி மட்டும் ஓடும், தேதி நகராது. எல்லாம் என் வீட்டுக்காரர் பார்த்த வேலை.

அவர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டர். ஷூவின் மேல்பாகத்துக்குத் தோலை எந்த வடிவத்தில் வெட்ட வேண்டும் என்று அட்டையில் வரைந்து கொடுப்பவர். ஒரு சைஸுக்கு வரைந்தால் போதாது. அதையே சின்னதிலிருந்து பெரிது வரை ஒவ்வொரு சைஸுக்கும் மாற்றி மாற்றி வரைய வேண்டும். கையால் செய்தால் முதுகு ஒடிந்துவிடும். சென்னையில் நடந்த தோல் கண்காட்சி ஒன்றில் யாரோ அவர் கையில் ஒரு சிடியைக் கொடுத்தனுப்பினார்கள். அதில் இருந்த சாஃப்ட்வேருக்கு ஒரு சைஸைக் கொடுத்தால் மிச்சத்தை அதுவே போட்டுவிடும். முப்பது நாள் சும்மா பயன்படுத்தலாம், அதற்குமேல் பூட்டிக்கொள்ளும். இருபத்தெட்டாம் நாளே இவருக்குச் சோறு இறங்கவில்லை. கம்பெனியில் ஒரு தோஸ்த் வழி சொல்லியிருக்கிறார்: தேதியைப் பின்னாடி தள்ளி வெச்சிடு, அதுக்கு இன்னா தெரியப்போவுது?

அவ்வளவுதான். சிடி போட்டதற்கு மறுநாள் தேதி எதுவோ அதுவே எங்கள் வீட்டின் நிரந்தரத் தேதி ஆகிவிட்டது. கம்ப்யூட்டரைப் போட்டதும் முதல் வேலையாகப் பிப்ரவரி மூன்று என்று வைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். அதில் ஒரே ஒரு ஆபத்து உண்டு. சரியான தேதி இருக்கும்போது அந்த சாஃப்ட்வேரைத் திறந்துவிடக் கூடாது. தேதியைச் சும்மா மாற்றினால் ஒன்றும் ஆகாது, மாற்றிவிட்டு அதைத் திறந்தால்தான் தொலைந்தோம். நான் தெரியாத்தனமாகத் திறந்துவிடுவேனோ என்று பயந்து இதை எனக்கு மூன்று தடவை பாடம் நடத்தினார். எனக்கு எரிச்சலாக வந்தது. பெங்களூரில் இருக்கும் என் அக்காவுக்கு மெயில் அனுப்பினால் அது பழைய தேதியில் போய், அவளுடைய மெயில்களுக்கெல்லாம் அடியில் விழும். "ஏண்டி, மெயில் போட்டியா, எங்க போட்ட?" என்று அவள் போனில் கத்துவாள். இவர் பக்கத்தில் நின்று சிரிப்பார்.

அந்தக் கம்ப்யூட்டரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆசையாக இருக்கிறது. ஆம்பூரில் இருந்த கம்ப்யூட்டர்களிலேயே தோல் சட்டை போட்டிருந்தது எங்களுடையதுதான். மானிட்டருக்கும் டப்பாவுக்கும் கம்பெனியில் கழித்துப்போட்ட லைனிங் தோலில் உறை தைத்துக்கொண்டுவந்து மாட்டியிருந்தார். ஓரத்தில் இரட்டைத் தையல் வேறு. மவுஸுக்கு அடியில் வெல்வெட் மாதிரியான ஸ்வேட் தோல் துண்டு. அந்த ஸ்வேட்டின் பஞ்சு பஞ்சான தூசி மவுஸுக்குள் இருக்கும் உருண்டையில் சுற்றிக்கொண்டு வாரத்துக்கு ஒரு தடவை நின்றுவிடும். திருகிக் கழற்றி, ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து நான்தான் துடைப்பேன். "வேற துணி போடுங்களேன்" என்றால் கேட்கமாட்டார். "ஸ்வேட் மாதிரி வருமா?" என்பார்.

நான் வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலையில் பஸ் பிடித்துப் போய், டியூட்டி முடித்துத் திரும்பி வருவேன். எங்கள் இருவருக்கும் ஒரே நாளில் லீவு கிடைப்பது குதிரைக் கொம்பு. எங்கள் ஊரில் தோல் கம்பெனிகளுக்கு வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை வேலை உண்டு. ஞாயிறு காலை மணி அடிக்கும்போது அவர் அட்டை வெட்டிக்கொண்டிருப்பார், நான் யாருக்காவது டிரிப் ஏற்றிக்கொண்டிருப்பேன். எங்கள் மகளை அக்கம்பக்கத்தார் யாராவது சர்ச்சுக்குக் கூட்டிப்போவார்கள். கர்த்தர் எங்களை மன்னித்திருப்பார் என்று நம்புகிறேன். மன்னிக்காவிட்டாலும் டியூட்டி டியூட்டிதான்.

அந்த வெள்ளிக்கிழமை நான் சிநேகிதி ஒருத்தியிடம் கெஞ்சி டியூட்டியை மாற்றிக்கொண்டு வீட்டில் இருந்தேன். காரணம் அயர்லாந்து.

அந்த நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு நர்ஸ் எடுக்கிறார்கள் என்று சென்னையில் ஒரு ஏஜென்சி அறிவித்திருந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர்களுடைய வெப்சைட்டில் பதிவுப் பக்கம் திறக்கும், பகல் ஒரு மணிக்கு மூடிவிடும். பதிந்தவர்களுக்குத்தான் இண்டர்வியூ. முப்பத்தைந்து வயதுக்கு மேல் எடுக்கமாட்டார்கள். எனக்கு அப்போது முப்பத்து நாலு முடிந்து நாலு மாதம். அடுத்த தடவை என்று ஒன்று எனக்குக் கிடையாது.

எதற்குப் போக வேண்டும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் மகளுடைய படிப்பு, சொந்த வீடு என்று ஏதேதோ சொன்னேன். அதுவும் உண்மைதான். ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு ஆசை. என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள். பனியில் கோட் போட்டு நின்று போட்டோ அனுப்புவார்கள். நான் பத்து வருஷமாக அதே வார்டில் அதே தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்தேன். எனக்கும் ஒரு தடவை வேறு எங்கேயாவது போய் நின்று பார்க்க வேண்டும் போலிருந்தது. அதிலே என்ன தப்பு?

அவரிடம் சொன்னபோது "போய்ட்டு வாயேன்" என்றார், உடனே. சர்டிபிகேட்டுக்கெல்லாம் ஜெராக்ஸ் எடுத்து, கையெழுத்து வாங்கி, ஒரு தோல் ஃபைல் தைத்து அதில் அடுக்கிக்கொடுத்தார். நானும் நம்பினேன்.

மகளைப் பள்ளிக்கூட ஆட்டோவில் ஏற்றிவிட்டு ஒன்பதே முக்காலுக்கே உட்கார்ந்துவிட்டோம். அவர் வழக்கம்போல் பிப்ரவரி மூன்றை வைத்துவிட்டு நாற்காலியை எனக்கு விட்டார். மோடம் தொண்டையில் முள் சிக்கிய பூனை மாதிரி கத்தி, இழுத்து, ஒரு வழியாக லைன் கிடைத்தது. ஏஜென்சியின் முதல் பக்கம் வந்தது. சிரிக்கிற நர்ஸ் ஒருத்தியின் போட்டோ, நெற்றியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, பல் தெரிவதற்குள் மூன்று நிமிஷம். பத்து மணிக்கு 'பதிவு' என்ற பட்டனை அழுத்தினேன்.

வெள்ளை. ஒரு நிமிஷம் பார்த்தேன். அப்புறம் அந்தப் பக்கத்தைக் காட்ட முடியவில்லை என்று இங்கிலீஷில் நாலு வரி வந்தது.

"கூட்டமா இருக்கும்" என்றார் அவர். "எல்லாரும் ஒரே நேரத்துல போட்டிருப்பாங்க. இரு." இருந்தேன். மறுபடி அழுத்தினேன். மறுபடி வெள்ளை. பேப்பர்க்காரர்களுடைய வெப்சைட்டைப் போட்டுப் பார்த்தேன், தாராளமாக வந்தது. மெயில் வந்தது. ஏஜென்சியின் மற்றப் பக்கங்களும் வந்தன, அவர்களுடைய ஆபீஸ் வாசல் போட்டோகூட வந்தது. எனக்கு வேண்டிய அந்த ஒரே ஒரு பக்கம் மட்டும் வரவில்லை.

நர்ஸ் புத்தி எங்கே போகும்? மகளுடைய நாலு கோடு நோட்டில் பின்பக்கமாகப் புரட்டி, வார்டில் சார்ட் எழுதுவதுபோல் எழுத ஆரம்பித்தேன். பத்து அஞ்சு: பக்கம் வரவில்லை. பத்து பத்து: மோடம் அணைத்துப் போட்டது, முன்னேற்றம் இல்லை. பத்து பதினஞ்சு: கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டது, முன்னேற்றம் இல்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டபோதும் அவர் வந்து குனிந்து பிப்ரவரி மூன்றை வைத்தார். நானும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்றால் அதுதான்.

கம்ப்யூட்டரைக் கோத்துக் கொடுத்தவர் வேலூர் சத்துவாச்சாரியில் இருந்தார். நெட்டைத் துண்டித்துவிட்டு அவருக்குப் போன் போட்டேன். "போன் கேபிளைக் கழட்டி ஊதிட்டு மாட்டுங்க சிஸ்டர்" என்றார். ஊதினேன். "பழைய ஃபைல் ஜாஸ்தியா சேந்திருக்கும், அதெல்லாம் அழிச்சிடுங்க" என்றார். அழித்தேன். அப்புறம் மறுபடி பூனைக் கத்தல், சிரிக்கிற நர்ஸ், பட்டன், வெள்ளை. நடுவில் மவுஸ் வேறு நின்றுபோனது. ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்துவந்து உருண்டையைத் துடைத்தேன்.

"பிரௌசிங் சென்டருக்கு ஓடிப்போய்ப் பாருங்களேன்" என்றேன் அவரிடம்.

"வெள்ளிக்கிழமை. தொழுகை முடிஞ்சி ரெண்டரைக்குத்தான் தெறப்பாங்க" என்றார். அது உண்மை. எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமை பகலில் ஈ காக்கை இருக்காது. வேலூருக்குப் போகலாம் என்றால் பஸ் பிடித்து இறங்கிக் கடை தேடுவதற்குள் ஒரு மணி ஆகிவிடும்.

இதற்குள் அவர் ஒன்று செய்தார். எழுந்து சமையலறைக்குப் போய், தட்டையும் கத்தியையும் எடுத்துவந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்க ஆரம்பித்தார். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அந்த மனுஷன் காய் நறுக்கியது அன்றைக்குத்தான். எனக்கு இருந்த பதற்றத்தில் அதை நான் யோசிக்கவில்லை. ஏதோ ஒத்தாசை செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எல்லாத் துண்டும் ஒரே அளவு, ஒரு நூல் கூடக்குறையாமல்.

பத்தே முக்காலுக்கு, வீட்டின் பின்பக்கப் போர்ஷனில் இருந்த பாபி வந்தாள். நான் அவளைப் பாபி, அதாவது அண்ணி என்றும் அவள் என்னை சிஸ்டர் என்றும் கூப்பிடுவோம். அவளுடைய வீட்டுக்காரர் சவூதியில் ஒரு கடையில் வேலை. அவர்கள் போர்ஷனில் போன் கிடையாது. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பதினோரு மணி வாக்கில் எங்கள் நம்பருக்குத்தான் அவர் பேசுவார். அவள் தலையில் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு கால் மணி முன்னாலேயே வந்து போன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். போன் வரும்வரை எதுவும் பேசமாட்டாள், வந்துவிட்டால் நிறுத்தமாட்டாள். நெட் ஓடிக்கொண்டிருந்தால் போன் உள்ளே வராது. அன்றைக்கு எனக்கு அது மறந்தே போயிருந்தது.

"இன்னா சிஸ்டர், லைன் பேஜாரா?" என்றாள்.

விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. ஒரு மணிக்கு மூடிவிடுவார்கள், இதை விட்டால் எனக்கு வயசு போய்விடும் என்று என்னென்னவோ சொன்னேன். "இப்ப நெட்டைக் கட் பண்ணிடறேன் பாபி, நீங்க பேசிடுங்க" என்றும் சொன்னேன். மனசில்லாமல்தான் சொன்னேன், ஒளிப்பானேன்.

அவள் போனை ஒரு தடவை பார்த்தாள். "வேணாம் சிஸ்டர். நீங்க பாருங்க. அவரு ரெண்டுவாட்டி அடிச்சிப் பாத்துட்டு விட்டுருவாரு. அடுத்த ஜும்மாவுக்குப் பேசிக்கறேன்."

"ஐயோ, காத்துக்கிட்டிருப்பாரே."

"காத்துக்கினு கெடக்கறது எங்களுக்குப் புதுசா? ஆறு வருசமாச்சு. வருசத்துக்கு ஒரு மாசம் வருவாரு. போனவாட்டி வந்தப்ப சின்னது அவரை அங்கிள்ன்னு கூப்ட்டுச்சு சிஸ்டர். வாசல்ல நின்னுக்கினு, அம்மா, அங்கிள் வந்திருக்காருன்னு எங்கிட்டயே சொல்லுது." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "அவரும் சிரிச்சாரு. ராத்திரி பூரா தூங்கலை."

பீன்ஸ் நறுக்கும் சத்தம் நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பாபி என் தோளில் ஒரு தட்டு தட்டி, "அல்லா நல்லது செய்வாரு, டென்சன் ஆவாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய்விட்டாள். கொஞ்சநேரம் கழித்துத்தான் மறுபடி கத்தி தட்டில் படும் சத்தம் கேட்டது.

பதினொன்றரை. பதினொன்று நாற்பது. ஏசப்பா, ஏசப்பா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே அழுத்தினேன். என் சார்ட் ஒரு பக்கம் நிறைந்து, எல்லா வரியும் 'முன்னேற்றம் இல்லை' என்று முடிந்திருந்தது. பன்னிரண்டு மணிக்குப் பக்கத்தைப் புரட்டினேன்.

வார்டில் புதுப் பக்கம் என்றால் முதலில் தேதி. யோசித்துச் செய்கிற காரியம் இல்லை, கை தானாகப் போகும். எதிரே இருந்தது திரை. மூலையில் மணியின் மேல் மவுஸை வைத்தேன், தேதி வந்தது, பார்த்து எழுதினேன்: மூன்று, இரண்டு. எழுதிவிட்டு, சீ, இது இவரோட தேதியாச்சே, என்று ஒற்றைக் கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் என் கையெழுத்தைச் சின்னதாகப் போட்டேன். சார்ட்டில் தப்பு வந்தால் அப்படித்தான் அடிக்க வேண்டும்.

கையெழுத்துப் போட்ட பேனா அப்படியே நின்றது. எங்கள் லேபில் ஒரு கிராதகர் இருந்தார். ரத்தம் எடுத்து அனுப்பினால் முதலில் சீட்டில் தேதியைப் பார்ப்பார். தேதி தப்பாக இருந்தால் ட்யூபைத் தொடக்கூட மாட்டார், திருப்பி அனுப்பிவிடுவார். ரத்தம் சரி, பேர் சரி, பெட் நம்பர் சரி என்று நாம் குதித்தாலும் ஏறாது. பேர் கேட்டு, விவரம் கேட்டு, கையெழுத்துக் கேட்கிற பக்கம் இதுவும். ஒன்றரை வருஷத்துக்கு முந்தின தேதியைப் போட்டுக்கொண்டு போய் நின்றால் அது மட்டும் எப்படி வாங்கும்?

"ஏங்க!" என்று கத்தினேன். "தேதிங்க! நம்ம தேதி தப்பு! அதான் அது தெறக்க மாட்டேங்குது!"

சந்தோஷத்தில் திரும்பினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மனுஷனுக்குப் புதுசாக ஒரு விஷயம் தெரியவந்தால் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அது அந்த முகம் இல்லை.

"தெரியுமா உங்களுக்கு?" என்றேன்.

அவர் ஒரு பீன்ஸ் துண்டை எடுத்துத் திரும்பத் தட்டிலேயே வைத்தார்.

"எப்ப தெரியும்?"

"ரெண்டாவதுவாட்டி வெள்ளையா வந்தப்பவே" என்றார். "போன மாசம் ட்ரெய்ன் டிக்கெட் பாக்க உக்காந்தேன் இல்ல? அப்பவும் லாகின் கேக்கற பக்கம் மட்டும் இப்டிதான் வெள்ளையா வந்துது. தேதியை மாத்துனேன். வந்துச்சு."

அப்போது பன்னிரண்டு ஐந்து. ரெண்டாவது தடவை வெள்ளையாக வந்தது பத்து அஞ்சு இருக்கும். நான் கேபிளை ஊதியது, உருண்டையைத் துடைத்தது, ஏசப்பாவைக் கூப்பிட்டது எல்லாவற்றையும் இந்த மனுஷன் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே பார்த்திருக்கிறார்.

"ஏன் சொல்லலை?"

"சாஃப்ட்வேர் போய்டுமேன்னு..."

"அதைத் தெறக்காம தேதியை மாத்துனா போகாதே. நீங்கதானே மூணுவாட்டி சொன்னீங்க?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார், கைவரவில்லை. பொய் சொல்லத் தெரியாத ஆள். அதனால்தான் பேசாமலே இருந்திருக்கிறார். எனக்கு அப்போது வந்த ஆத்திரத்தை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். கையாலாகாதவன் என்றேன். நேராக 'போகாதே' என்று சொல்ல வாய் இல்லாத கோழை என்றேன். "அந்தப் பொம்பளை தன் புருஷன் போனை எனக்காக விட்டுட்டுப் போறா. அதையும் பாத்துக்கினு வாயை மூடிக்கினு உக்காந்திருந்தீங்களே, நீங்கள்லாம் ஒரு மனுஷனா?"

அது அவரைத் தைத்துவிட்டது. தட்டைக் கீழே வைத்தார்.

"அவங்க பேசறதுக்கு முன்னாடி சொல்லிடலாம்னுதான் இருந்தேன்" என்றார். "அவங்க பேசுனப்புறம் முடியலை. நீ போய்டுவியேன்னு இருந்துது. வேற ஒண்ணும் இல்ல."

எட்டு வருஷத்தில் அவர் இந்த மாதிரி ஒரு வார்த்தை என்னிடம் சொன்னதே கிடையாது. கோபம் போகவில்லை, அது அப்படியே இருந்தது. அதோடு கூடவே, ஐயோ, இந்த மனுஷன், என்றும் இருந்தது.

நானே தேதியை மாற்றியிருக்கலாம். மவுஸ் என் கையில்தான் இருந்தது. ஆனால் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். இவர் எழுந்து, கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வந்து, "தள்ளு" என்றார். நாற்காலியை விட்டு எழுந்தேன். உட்கார்ந்து மூலையில் ரெண்டு தடவை தட்டி, வருஷத்தை ஏற்றி, மாசத்தை ஏற்றி, நாளை வைத்தார். ஒன்றரை வருஷத்தில் எனக்குத் தெரிந்து முதல் தடவையாக அந்த வீட்டில் கம்ப்யூட்டரும் நாங்களும் ஒரே நாளில் இருந்தோம். பட்டனை அழுத்தினார். கொஞ்சம் யோசித்துவிட்டு, மேலேயிருந்து ஒவ்வொரு கட்டமாக அந்தப் பக்கம் இறங்கிவந்தது.

"வந்துடிச்சி" என்றார். குரலில் வருத்தம் இருந்ததா என்று இப்போது யோசித்தால் சொல்லத் தெரியவில்லை. எழுந்திருக்கப் பார்த்தார். "நீங்களே அடிங்க" என்றேன்.

ஒற்றை விரலால் அடித்தார். என் பேர். அப்பா பேர். பிறந்த தேதியை நான் சொல்வதற்குள் அவரே போட்டார். நர்ஸிங் கவுன்சில் நம்பரையும் ஃபைலைப் பார்க்காமலே போட்டுவிட்டார். ஜெராக்ஸ் எடுத்து எடுத்து அவருக்கு மனப்பாடம் ஆகியிருந்திருக்கிறது. எத்தனை வருஷ அனுபவம், எந்தெந்த வார்டு, இங்கிலீஷ் பேசுவேனா. 'நல்லா' என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, "திட்டும்போதுகூட இங்கிலீஷ்தான்னு போடட்டா?" என்றார். சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். மணி பன்னிரண்டரை ஆகியிருந்தது. வெளியே பாங்கு ஒலித்தது. அரைமணி நேரம் பாக்கி.

நாங்கள் இப்படி ஒன்றாக உட்கார்ந்து ஒரு பகல்பொழுதைக் கழித்தது எத்தனை நாள் ஆயிற்று என்று நினைத்தேன். அவருடைய வெள்ளிக்கிழமை எனக்குக் கிடைக்காது, என்னுடைய ஆஃப் அவருக்குக் கிடைக்காது. அவர் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். சட்டையில் தோல் வாசனையும் கையில் பீன்ஸ் வாசனையும் வந்தது. அந்தப் பகலுக்குள் இன்னொரு தடவை போய் நிற்க முடிந்தால் எதை வேண்டுமானாலும் கொடுப்பேன்.

கடைசியில் ஒரு கட்டம் பாக்கி இருந்தது. உடன் வருபவர்கள் எத்தனை பேர்?

முதல் இரண்டு வருஷம் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது என்று ஏஜென்சியின் தாளில் தெளிவாகப் போட்டிருந்தது. நான் படித்திருந்தேன். தாளை ஃபைலில் அடுக்கியவர் அவர், அவரும் படித்திருப்பார். ஆனால் எங்கள் வீட்டில் அந்த வாக்கியத்தை நாங்கள் வாயால் சொன்னதே இல்லை. 'போய்ட்டு வரது' என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம், ஏதோ பஸ் ஏறித் திமிரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்வருகிற மாதிரி. மகளிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தோம்.

அவர் விரல் கீபோர்டுக்கு மேலே நின்றது. என்னைத் திரும்பிப் பார்க்காமல், திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஸீரோதானே?"

வேண்டாம், மூடிடுங்க என்று சொல்லியிருந்தால் மூடியிருப்பார், மறுபேச்சு பேசியிருக்கமாட்டார். அது எனக்குத் தெரியும். அந்த அரைமணி நேரம் முழுசும் என் கையில்தான் இருந்தது.

"ஆமா" என்றேன்.

அவர் ஸீரோவை அடித்து, பட்டனை அழுத்தினார். இந்தத் தடவை, பதிவாகிவிட்டது என்ற பக்கம் உடனே வந்துவிட்டது.